ஐந்தின் மேல் ஒரு புள்ளி

கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்தாகிவிட்டது, இனி யோசிக்க ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வங்கியின் இந்த நாற்காலிகள் எல்லாம் ஒரே இரும்புக் குழாயில் கோத்தவை, கடைசியில் இருப்பவர் கால் ஆட்டினால் வரிசையே ஆடும். ஆட்டுவது என் தம்பி சிவசண்முகம். பள்ளிக்கூட நாளில் பரீட்சை நெருங்கினால் இப்படித்தான் கட்டிலை ஆட்டிக்கொண்டு கிடப்பான். இன்றைக்குப் பரீட்சை எனக்கு, ஆட்டம் மட்டும் அவனுக்கு. ஏசிக் காற்று என் வலது தோளில் மட்டும் விழுகிறது, இடது தோள் வேர்க்கிறது. டிங் என்று மணி அடித்துப் பலகையில் டோக்கன் எண்ணைக் காட்டுகிறார்கள். மணி எனக்கு, எண் கண்ணுள்ளவர்களுக்கு. ஒவ்வொரு டிங்குக்கும் நான் தம்பி பக்கம் திரும்ப, அவன் "நம்முளுது இல்லக்கா" என்கிறான். மடியில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் வங்கி அனுப்பிய அந்தக் காகிதம். நேற்று என் போன் அதை எனக்குப் படித்துக் காட்டியது, இன்று காரைக் கிளப்பும் முன் தம்பியும் ஒருமுறை படித்தான். பூங்கோதை ஆகிய நான் என் கிரெடிட் கார்டின் ரகசிய எண்ணை இன்னாரிடம் என் சொந்த விருப்பத்தின் பேரில் தெரிவித்தேன், அதனால் நேர்ந்த நஷ்டத்துக்கு நானே முழுப் பொறுப்பு, கார்டு வசதியைத் திருப்பி ஒப்படைத்துவிடுகிறேன், இனி என் சம்பளக் கணக்கைத் தம்பியோடு சேர்த்துக் கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். இன்னாரிடம் என்ற இடத்தில் பெயருக்காகக் கோடு போட்டு விட்டிருக்கிறார்கள். போன் அதை அண்டர்ஸ்கோர் அண்டர்ஸ்கோர் அண்டர்ஸ்கோர் என்று மூச்சு வாங்காமல் படித்தது, தேவாரம் ஓதுகிற மாதிரி. சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

சொந்த விருப்பம். இந்த இரண்டு வார்த்தையிலேயே என் மனம் வண்டி போல மாட்டிக்கொண்டு நிற்கிறது, முன்னாலும் போகவில்லை பின்னாலும் வரவில்லை. எனக்கு என்ன விருப்பம் இருந்தது அன்றைக்கு? ஒரு கிரைண்டர் வாங்க வேண்டும் என்ற விருப்பம். பழைய கிரைண்டரின் கல் தேய்ந்து இட்லி மாவு ரவை ரவையாக வந்தது, ஆடித் தள்ளுபடி வேறு, கிராஸ்கட் ரோட்டில் அந்தக் கடைக்குப் போனேன். கல்லைத் தடவிப் பார்த்து, மூடியைத் திருகிப் பார்த்து, விலை பேசி, எல்லாம் நானேதான். பணம் கட்டுமிடத்தில் ஒரு பெண், சளி பிடித்த குரல், மெஷினை என் கையில் கொடுத்து, "பின் நம்பர் போடுங்க்கா" என்றாள். தடவினேன். வழவழவென்று கண்ணாடி. மேலே தடவினேன், கீழே தடவினேன், பட்டன் என்று ஒன்று எங்கேயும் இல்லை. பழைய மெஷினில் ஐந்தின் மேல் ஒரு சின்னப் புள்ளி புடைத்துக்கொண்டிருக்கும், கடுகு அளவுதான். அதில் விரலை வைத்துவிட்டால் போதும், மேலே இரண்டு, கீழே எட்டு, இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் ஆறு, ஊரே என் கைக்குள். யாரும் பார்க்காமல் இடது கையால் மறைத்துக்கொண்டு நாலு தட்டுத் தட்டி நிமிர்வேன். அந்த நிமிர்வு எனக்குப் பிடிக்கும். கண்ணுள்ளவர்களுக்கு அது புரியாது, அவர்களுக்கு அது வெறும் பணம் கட்டுவது. "இதுல பட்டன் இல்லீங்களா கண்ணு?" என்றேன். "இல்லீங்க்கா, புது மெஷின்." "பழசு ஒண்ணு இருக்குமில்லீங்களா?" "அதெல்லாம் பேங்க்ல வந்து வாரிட்டுப் போயிட்டாங்க்கா." எந்த பேங்க் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பேர், நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்த வங்கியின் பேர்.

என் போனும் கண்ணாடிதான். ஆனால் அது பேசும். விரல் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதைக் காதுக்குள் சொல்லும். ஆகவே கண்ணாடியால் பேச முடியாது என்று யாரும் என்னிடம் கதை விட வேண்டாம், பேசச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னாள்: "நம்பரச் சொல்லுங்க்கா, நானே போட்டுக்கறேன்." எனக்குப் பின்னால் வரிசை, குழந்தை அழுகிறது, யாரோ "சீக்கிரமுங்க" என்கிறார். கவுண்டர் மேல் சாய்ந்து அவள் காதுக்கு நேராக முணுமுணுத்தேன். "கேக்கலீங்க்கா, சத்தமாச் சொல்லுங்க." சத்தமாகச் சொன்னேன். அதோடு விட்டாளா? ஓட்டலில் சர்வர் ஆர்டரைத் திருப்பிச் சொல்கிற மாதிரி நாலு எண்ணையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, "கரெக்டுங்களாக்கா?" என்று கேட்டாள். கரெக்டு. கடைக்கோடியில் தராசு விற்கிற மூலை வரைக்கும் கேட்டிருக்கும், அத்தனை கரெக்டு. அந்த நம்பர் இப்போது செத்துப்போன நம்பர், கார்டை முடக்கியாயிற்று, சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனாலும் யாருக்கும் சொல்ல மாட்டேன். கடை முழுக்கக் கேட்ட நம்பர்தான். இருக்கட்டும். இனி நானாக விரும்பினால்தான் சொல்வேன்.

அப்புறம் அந்தக் கை. கிரைண்டரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வெளியே வந்து ரோட்டோரம் நின்றேன். கோலைத் தட்டி ஓரத்தைக் கண்டுபிடித்து, வண்டிச் சத்தம் குறையட்டும் என்று காத்திருந்தேன். அப்போது ஒரு கை. பொதுவாக உதவுகிறேன் என்று வருபவர்கள் என் கையைப் பிடித்து இழுப்பார்கள், தோளைத் தள்ளுவார்கள், ஒரு பெரியவர் கோலின் நுனியைப் பிடித்து என்னை ஆட்டுக்குட்டி மாதிரி ஓட்டிக்கொண்டு போனார். இந்தக் கை அப்படிச் செய்யவில்லை. தன் முழங்கையை என் விரலில் மெல்லத் தொடவைத்துக் காத்திருந்தது, நான் பிடித்துக்கொள்ளட்டும் என்று. அதுதான் முறை. அது யாருக்கும் தெரியாது, சொல்லிக்கொடுத்தாலும் மறந்துவிடுவார்கள். கண்ணாடி வளையல் சத்தம். தோல் பிசுபிசுவென்று கரும்புச் சாறு வாசனை அடித்தது. "வாங்க" என்று மட்டும் சொன்னது, அக்கா இல்லை, அம்மா இல்லை. ரோட்டைக் கடந்தோம், படி இருக்கும் இடத்தில் அரை நொடி நின்று எனக்குத் தெரியவைத்தது, பஸ் வந்ததும் கம்பியில் என் கையை வைத்துவிட்டுப் போய்விட்டது. எத்தனை நேர்த்தி! பஸ் லட்சுமி மில் தாண்டுவதற்குள் போன் ஏதோ சொன்னது, ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை, மறுபடி சொன்னது, காதில் வைத்தேன். எங்கோ ஒரு கடையில் என் கார்டில் இரண்டு செல்போன் வாங்கியாயிற்று. பைக்குள் கை விட்டேன். பர்ஸின் ஜிப் திறந்திருந்தது, கார்டு இல்லை. பஸ்ஸில் நின்றபடியே கூப்பிட்டுக் கார்டை முடக்கினேன், அதில் ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. பிறகு விசாரித்ததில், ஒவ்வொரு போனுக்கும் மூன்று கேமராவாம். இல்லாத என் கண்ணின் கணக்கில் ஆறு கேமரா. பின் நம்பர் சரியாகப் போடப்பட்டிருக்கிறது, ஆகவே நீங்கள்தான் யாருக்கோ சொல்லியிருக்கிறீர்கள், ஆகவே நஷ்டம் உங்களுடையது என்று வங்கி எழுதியது. நம்பர் என்று ஒன்று வைத்ததே நான்தான் நான் என்று தெரிந்துகொள்ளத்தானே. இப்போது யார் போட்டாலும் அது நான்தான் என்று ஆகிவிட்டது.

அந்தக் கைதான் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. வரிசையில் நின்ற எவனோ பின்னாலேயே வந்திருக்கலாம், பஸ்ஸில் நெரிசலில் எடுத்திருக்கலாம். ஆனால் மனம் போய்ப் போய் அந்த முழங்கையில்தான் நிற்கிறது. இத்தனை வருடத்தில் என்னைச் சரியாகக் கூட்டிப்போன ஒரே வெளியாள் திருடியாக இருந்தால்? திருடுவதற்காகவே அவ்வளவு சரியாகப் பிடித்திருந்தால்? போன வாரம் கல்லூரி வாசலில் யாரோ என் மணிக்கட்டைத் தொட்டதும் நெருப்பைத் தொட்டவள் மாதிரி உதறினேன், கோல் கீழே விழுந்தது. "சாரி மிஸ்" என்றது ஒரு குரல், என்னுடைய மூன்றாமாண்டு மாணவி, வரலாற்று வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிறவள், கோலை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். அன்று முழுக்க எனக்கு என் மேலேயே கோபம். பணம் போனது எரிச்சல்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அரசுக் கல்லூரிச் சம்பளத்தில் அது சின்ன எரிச்சலும் இல்லை. ஆனால் இந்தப் பயம் இருக்கிறதே, ஊரில் இருக்கிற கையெல்லாம் திருட்டுக் கை என்று, இதையும் சேர்த்து அவர்களுக்குத் தூக்கிக் கொடுக்க நான் தயாரில்லை. இந்தப் பயத்தோடு நாளைக்கு எப்படி ரோட்டைக் கடப்பேன்? பயப்பட மாட்டேன் என்று சொல்வது எளிது, இப்போதுகூட என் வலது கை பையின் ஜிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விடு, விரலே, விடு. விட்டது. மறுபடி பிடித்துக்கொண்டது.

டிங். "இல்லக்கா" என்றான் தம்பி. கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, போட்டுக் குடுத்துரலாமுக்கா. அவிய சொல்ற மாதிரி போட்டுட்டா பாதிப் பணத்தையாவது தள்ளுபடி பண்ணித் தர்றேங்கறாங்க. அந்தக் கோட்டுல கடைப் புள்ள பேரைப் போட்டுரு, முடிஞ்சுது" என்றான். அந்தக் கடைப் பெண்ணின் பேர் வினோதா. விஷயம் தெரிந்ததும் கடையிலிருந்து எனக்குப் போன் செய்தாள், பேச முடியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள், சளியா அழுகையா தெரியவில்லை. "எம்பேரு எழுத்துல வந்தா நிறுத்திருவாங்க்கா" என்றாள். "அந்தப் புள்ள என்னடா பண்ணுச்சு?" என்றேன் தம்பியிடம். "நீ எதுக்கு நம்பரச் சொன்னே? அதுதான கேக்கறாங்க." "மெஷின்ல பட்டன் இல்லியேடா." "ரொக்கமாக் குடுத்திருக்கலாமில்ல?" "நோட்டு எது எதுன்னு எண்ணிப் பார்க்கறதுக்கு நான் யாரைக் கூப்புடறது? அதுக்கும் ஒரு ஆளுதானே." அவன் கால் ஆட்டம் அதிகமாயிற்று. எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது. அவனுக்குப் பணம் வேண்டாம், என் கணக்கில் தன் பேர் ஏற வேண்டும் என்ற ஆசையும் அவனுக்கில்லை. அக்காவை யாரும் இனி ஏமாற்றக் கூடாது, அவ்வளவுதான். அந்த அன்பில்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது. நல்லவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம்!

"சிவா, அவினாசி ரோட்டு பெட்ரோல் பங்க்ல வாராவாரம் என்னடா பண்ணுவே?" என்றேன். "என்ன பண்ணுவேன், டீசல் போடுவேன்." "காரை விட்டு இறங்குவியா?" "எதுக்கு இறங்கணும்?" "கார்டை ஜன்னல் வழியா நீட்டி, நம்பரையும் கத்திச் சொல்லுவே. பங்க்காரரு அதைத் திருப்பிக் கத்துவாரு. பக்கத்து லாரிக்காரரு வரைக்கும் கேக்கும். உம்பொண்ணு மதுமிதா பொறந்த வருஷம்தானே உன் நம்பர்?" கால் ஆட்டம் நின்றது. நாற்காலி வரிசை முழுக்க நிம்மதியாக அசையாமல் நின்றது. இவன் மட்டுமா? எங்கள் துறையில் பாதிப் பேரின் நம்பர் எனக்குத் தெரியும், மதியச் சாப்பாடு வரவழைத்தால் ஆளாளுக்குக் கத்துவதுதான். கண்ணிருந்தும் கை நீட்டச் சோம்பல்பட்டுக் கத்துகிறார்கள், அதற்குப் பேர் அவசரம். வேறு வழியில்லாமல் நான் கத்தினால் அதற்குப் பேர் கவனக்குறைவு. வரலாறு சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து எனக்கு ஒன்று பழகிப்போயிற்று, ஒரு ஓலையில் யார் பேர் எழுதியிருக்கிறது என்பதைவிட யார் பேர் எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். இந்தக் காகிதத்தில் என் பேர் இருக்கிறது, தம்பி பேர் இருக்கிறது, வினோதாவுக்கு ஒரு கோடு இருக்கிறது. பட்டனை வாரிக்கொண்டு போனவர்கள் பேர் எங்கேயும் இல்லை.

இந்தக் கார்டு எனக்கு லேசில் வந்ததில்லை. முதல் தடவை விண்ணப்பித்தபோது இதே கூடத்தில், வேறு ஒரு அதிகாரி, நல்ல மனிதர், உருகி உருகிப் பேசினார், "உங்களுக்கெதுக்கு மேடம் கிரெடிட் கார்டு, வீட்டுல சொன்னா வாங்கித் தர மாட்டாங்களா?" என்றார். வீட்டில் சொன்னால் வாங்கித் தருவார்கள். சேலை வாங்கித் தருவார்கள், என்ன நிறம் என்று அவர்களே முடிவு செய்து. எழுதிப் போட்டேன், திருப்பி அனுப்பினார்கள், மறுபடி எழுதிப் போட்டேன், கைரேகை வைக்கச் சொன்னார்கள், கையெழுத்துத்தான் போடுவேன் என்றேன். கையெழுத்துப் போட ஒரு சின்னத் தகரச் சட்டம் வைத்திருக்கிறேன், அதற்குள் கோணாமல் எழுதுவேன், கலெக்டர் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது என்று துறைத்தலைவரே சொன்னார். கார்டு வந்த அன்று ஒன்றும் வாங்கவில்லை. அதன் மேல் புடைத்திருந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டே இருந்தேன், பூங்கோதை என்று ஆங்கிலத்தில், என் பேருக்கு முன்னாலும் பின்னாலும் வேறு யாரும் இல்லாமல். திருடு போனதற்குப் பதில் வேறு கார்டு கிடையாது, அந்த உரிமையைத்தான் இப்போது திருப்பிக் கேட்கிறார்கள். எனக்காகக் கேட்கிறார்களாம், என் பாதுகாப்புக்காக.

டிங். "நம்முளுதுக்கா" என்று தம்பி எழுந்தான். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மேசை, நாற்காலி, ஜவ்வாது மாதிரி ஏதோ ஒரு வாசனை. கிளை அதிகாரி கலைவாணன் என்று முன்பே போனில் பேசியிருக்கிறேன். "வாங்க சார், உக்காருங்க. மேடம் டீ சாப்பிடுவாங்களா?" என்று தம்பியைக் கேட்டார். "மேடம் இங்கதானுங்க இருக்கேன்" என்றேன். "சாரி மேடம், சாரி" என்று என் பக்கம் திரும்பியது குரல். நல்ல குரல்தான். ஆள் கெட்டவரில்லை. "மேடம், நான் தனிப்பட்ட முறையில உங்களுக்காக மேல பேசியிருக்கேன். ரூல் என்ன சொல்லுதுன்னா, பின் நம்பரை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொந்தத் தம்பிகிட்டக்கூட. பேங்க் ஆளுன்னு சொல்லிக் கேட்டாலும் சொல்லக் கூடாது. மெசேஜ்ல மாசாமாசம் அனுப்பறோமே. நீங்க சொல்லிட்டீங்க. அதை நீங்களே ஒத்துக்கிட்டீங்க." "ஒத்துக்கிட்டேனுங்க. சொன்னேன்னு ஒத்துக்கிட்டேன். சொந்த விருப்பம்னு ஒத்துக்கலை." "அது வழக்கமா எழுதற வாசகம் மேடம்." வழக்கமாக எழுதுகிற வாசகம். சரி. காகிதத்தை உறையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தேன், தகரச் சட்டத்தையும் பேனாவையும் பக்கத்தில் வைத்தேன். தம்பி மூச்சு விட்டது கேட்டது. போடப்போகிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை" என்றார் கலைவாணன். "கூட்டுக் கணக்கா மாத்தறதுக்குக் கம்ப்யூட்டர் நீங்கதான்னு உறுதி கேக்குது. உங்க சம்பளக் கணக்கு ஏடிஎம் கார்டு இருக்குமில்ல, அதைக் குடுங்க." கொடுத்தேன். எதிலோ செருகினார், பீப் என்றது, மேசையில் வழுக்கிக்கொண்டு ஒரு பொருள் என் விரலைத் தொட்டது. தொட்ட உடனே தெரிந்துவிட்டது. வழவழப்பு, குளிர்ச்சி, ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. ஆள்காட்டி விரலால் அதன் நடுவில் தேடினேன், இருக்காது என்று தெரிந்தே தேடினேன், அந்தக் கடுகை. என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. பயமா? இல்லை, இது பயமில்லை, இது வகுப்பில் ஒரு மாணவன் தானாகவே சரியான விடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது வருகிற துடிப்பு. வாயைத் திறக்கக் கூடாது, பூங்கோதை, பொறு, அவரே சொல்லட்டும். விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். தம்பி தொண்டையைக் கனைத்தான். கலைவாணன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, பரிவோடு, மிகவும் பரிவோடு, சொன்னார்: "பரவாயில்ல மேடம், நம்பரச் சொல்லுங்க. நானே அடிச்சுக்கறேன்."

பக்கத்து மேசையில் நோட்டு எண்ணும் மெஷின் ஒரு கட்டை எண்ணி முடித்து நின்றது. அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும், வாசனை கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. தம்பியின் கை என் தோளைத் தேடி வந்து, தொடாமல் நின்றது. நான் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "சார், இதுல ஒரு கோடு இருக்குங்களே, யார்கிட்ட நம்பரைச் சொன்னேன்னு எழுதறதுக்கு. அந்தக் கோட்டுல உங்க பேரை எழுதுங்க. கீழ நான் இப்பவே கையெழுத்துப் போடறேன். அப்புறம் நம்பரைச் சொல்றேன், எத்தனை சத்தமா வேணும்னு சொல்லுங்க." பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். "கலைவாணன்னே எழுதுங்க. சொந்த விருப்பத்தின் பேரில்னு ஏற்கெனவே அச்சடிச்சிருக்கு, அதை நீங்க தனியா எழுத வேண்டியதில்லீங்க." தம்பி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான். இத்தனை நாளில் அவன் என் பக்கம் நின்று இருமிய முதல் இருமல் அது. "மேடம், நான்... அது வந்து... ஒரு நிமிஷம்" என்றார் கலைவாணன். காகிதம் என் விரலுக்கு அடியில் மெல்ல அசைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இழுக்கிறார், சத்தம் வராமல், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. ஐந்து விரலையும் அதன் மேல் ஊன்றினேன்.

"இருக்கட்டுங்க சார்" என்றேன். "எழுதிட்டு எடுத்துக்கங்க."